பனிச்சரிவின் கீழ் நிற்போர்

தமிழில் 'பனி' என்பது பல பொருள்களைத் தாங்கி நிற்கும் சொல். மார்கழி வைகறையில் புல் நுனியில் தங்கும் துளியும் பனிதான். தை மாதத்தில் உதகையின் புல்வெளிகளை வெளுக்கச் செய்யும் உறைபனியும் பனிதான். இமயத்தின் முடிகளில் ஆண்டு முழுவதும் கிடக்கும் வெண்பரப்பும் பனிதான். பெண்ணையாற்றின் கரையில், திருக்கோவிலூரில் வாழ்வோர்க்கு இவற்றுள் முதலாவது மட்டுமே பழக்கமானது. மேற்கே எழும் கல்வராயன் மலையும் மூவாயிரம், நாலாயிரம் அடி உயரத்துக்கு மேற்படாதது. அங்கே குளிர் உண்டு; மூடுபனி உண்டு; வெண்பனி விழுவதில்லை. எனவே பனிச்சரிவு என்பது நமக்குச் செய்தித்தாளில் மட்டும் காணும் சொல்லாக இருந்து வருகிறது. அது யாரோ ஒருவர் துயரம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுவது நம் இயல்பு.

அவ்வாறு புரட்டிவிட முடியாத நாள் ஒன்று உண்டு. அது 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3. காரகோரம் மலைத்தொடரில், சியாச்சின் பனியாற்றின் மேல், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் 'சோனம்' என்னும் காவல்நிலை இருக்கிறது. அதற்கு மேலிருந்த பனிக்கட்டிச் சுவர் உடைந்து சரிந்ததில், அங்கே காவலிருந்த 10 வீரர்கள் புதையுண்டனர். அவர்கள் மெட்ராஸ் படைப்பிரிவின் 19-ஆம் பட்டாலியனில் பணியாற்றியவர்கள். மீட்புக் குழுவினர் மோப்ப நாய்களுடனும் பனிக்கட்டியை அறுக்கும் கருவிகளுடனும் இரவு பகலாக முயன்றனர். இருபத்தைந்து அடிக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து, ஆறாம் நாள், லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் எடுக்கப்பட்டார். நாடே அவருக்காக வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11 அன்று தில்லி ராணுவ மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். மற்ற ஒன்பது பேரும் முன்பே இறந்திருந்தனர்.

அந்தப் பத்துப் பேரில் நால்வர் தமிழகத்தார்; வேலூர், கிருஷ்ணகிரி, மதுரை, தேனி மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து சென்றவர்கள். வெண்பனி விழாத ஊர்களுக்கு, வெண்பனியில் மாண்டவர்களின் உடல்கள் தேசியக் கொடி போர்த்தி வந்து சேர்ந்தன. இந்தச் சாவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பனிச்சரிவின் வரலாற்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தொலைவில் நடக்கும் போர்கள்

தன் ஊர் மனிதர் தொலைதூரம் சென்று பொருதுவது திருக்கோவிலூருக்குப் புதியதன்று. சங்க காலத்தில் இப்பகுதியை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, தன் படைத்துணைக்காக மூவேந்தராலும் நாடப்பட்டவன் என்பதைப் புறநானூற்றுப் பாடல்கள் காட்டுகின்றன. அவனைப் பாடிய புலவர்கள் அவன் கொடையையும் வீரத்தையும் போற்றினார்கள். அவனோடு சென்று போர்க்களத்தில் விழுந்த மலைநாட்டு வீரர்கள் இன்னார் என்பது நமக்குக் கிடைக்கவில்லை. அரசர் பெயர் நிலைப்பதும், அவருக்காக நின்றவர் பெயர் மறைவதும் வரலாற்றின் பழைய வழக்கம்.

மெட்ராஸ் படைப்பிரிவு தன் தொடக்கத்தை 1758-ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவுகளுள் அது ஒன்று. அதன் பயிற்சி மையம் நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. அதே நீலகிரியில் 'அவலாஞ்சி' என்றோர் இடம் உண்டு. பனிச்சரிவைக் குறிக்கும் 'அவலான்ச்' என்னும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மலைச்சரிவு ஒன்று பெரிதாகப் பெயர்ந்து விழுந்தது. அதைக் கண்ட ஆங்கிலேயர், தம் கண்டத்து மலைகளில் பனிக்கு வழங்கிய சொல்லை இங்கே மண்ணுக்கு வைத்தனர். பனியே விழாத தமிழ் மலையொன்று பனிச்சரிவின் பெயரைத் தாங்கி நிற்பது விந்தைதான். ஆயினும் அந்தப் பெயரில் ஓர் உண்மையும் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

அடுக்குகளின் வரலாறு

மலைமேல் கிடக்கும் பனி பார்வைக்கு ஒரே வெண்பரப்பு. உண்மையில் அது பல அடுக்குகளால் ஆனது. குளிர்காலம் முழுவதும் ஒவ்வொரு பொழிவும் முந்தைய பொழிவின் மேல் ஓர் அடுக்காகப் படிகிறது. இடையில் வெயில் அடித்தால் மேற்பரப்பு உருகி மீண்டும் இறுகுகிறது. காற்று அடித்தால் ஒரு சரிவின் பனி வாரப்பட்டு மறுசரிவில் பலகை போல் கெட்டியாகப் படிகிறது. அந்தக் குளிர்காலத்தில் நிகழ்ந்த ஒவ்வொரு மாற்றமும் அந்த அடுக்குகளில் பதிவாகி நிற்கிறது.

ஆபத்து பெரும்பாலும் மேலடுக்கில் தொடங்குவதில்லை. அடியில் மறைந்துகிடக்கும் நலிந்த அடுக்கு ஒன்றே அதற்குக் காரணமாகிறது. அத்தகைய அடுக்கு உண்டாகும் வழிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, தரையை ஒட்டிய பனி சற்று வெதுவெதுப்பாகவும் மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருக்கும்போது, இடையே நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்களைச் சீனி மணிகள் போல் பிடிப்பற்றவையாக மாற்றிவிடுகிறது. பனி குறைவாகவும் குளிர் மிகுதியாகவும் உள்ள மலைகளில் இது அதிகம் நேர்கிறது. இரண்டாவது, மேகமும் காற்றும் இல்லாத இரவில் காற்றிலுள்ள ஈரம் பனிப்பரப்பின் மேல் மெல்லிய இறகுகளாக உறைந்து படிகிறது. நம் ஊர் மார்கழிப் பனித்துளிக்கு அது நெருங்கிய உறவு. பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. ஆனால் அடுத்த பொழிவு அதை மூடிவிடுமானால், அவ்விறகுகள் வாரக்கணக்கில் அடியில் கிடந்து, மேலுள்ள சுமையைத் தாங்க மாட்டாத அடுக்காகின்றன.

அதன்மேல் கெட்டியான பலகை படிந்து, சரிவும் 30 முதல் 45 பாகை வரை இருந்தால், ஒரு மனிதனின் எடையே போதும். அடியிலுள்ள அடுக்கு ஓரிடத்தில் நொறுங்குகிறது. அந்த நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவு முழுவதும் பரவுகிறது. மேற்பலகை முழுதும் கீழிறங்குகிறது. புதையுண்டவர்களைப் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரை மணி கடந்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. சோனத்தில் விழுந்தது இத்தகைய பனிப்பலகை அன்று. பனியாற்றின் கட்டிச் சுவரே உடைந்தது. எனினும் உள்ளே நெடுநாள் வளர்ந்த பிளவு ஒரு நொடியில் வெளிப்படுகிறது என்னும் பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

இதனாலேயே பனியை ஆராய்வோர் முதலில் குழி தோண்டுகிறார்கள். கீழடியிலோ ஆதிச்சநல்லூரிலோ தொல்லியலார் மண்ணடுக்குகளைப் படிப்பது போல, அவர்கள் குழியின் சுவரில் பனியடுக்குகளைப் படிக்கிறார்கள். மூடிய கைமுட்டியால் அழுத்திப் பார்ப்பர். இறங்காவிடில் நான்கு விரல், பின் ஒரு விரல், பின் பென்சில், இறுதியில் கத்தி. எது எளிதில் இறங்குகிறதோ அது நலிந்த அடுக்கு. இன்றைய ஆபத்தை அறியச் சென்ற மாதத்தின் வரலாற்றைப் படிக்கும் கலை இது.

துறவியரும் காடுகளும்

இக்கலை ஒரு தலைமுறையில் பிறந்ததன்று. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைமக்கள் நூற்றாண்டுகளாகச் செத்துச் செத்துக் கற்ற பாடம் அது. சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் என்னும் ஊரார், தம் ஊருக்கு மேலே சரிவில் நின்ற காட்டில் எவரும் மரம் வெட்டலாகாது என்று 1397-ஆம் ஆண்டிலேயே எழுத்தால் தடை விதித்தனர். மரங்கள் நிற்கும் வரை பனி சரிவில் தங்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தாவோஸை அடுத்த ஒரு கோவிலின் மலைப்பக்கச் சுவர் கப்பலின் முன்முனை போல் கூராகக் கட்டப்பட்டிருக்கிறது. இறங்கிவரும் பனியை இரண்டாகப் பிளந்து விலக்குவதற்காகவே அப்படிக் கட்டினார்கள்.

இவ்வரலாற்றில் நம் திருச்சபைக்கும் ஓர் இடம் உண்டு. இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே, எண்ணாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள கணவாயில், பதினோராம் நூற்றாண்டின் நடுவில் புனித பெர்நார்து வழிப்போக்கர்க்கென ஓர் இல்லம் நிறுவினார். அங்கே வாழ்ந்த அகுஸ்தீனார் ஒழுங்கைப் பின்பற்றிய துறவியர், பனிக்காலத்தில் வழி தவறியோரைத் தேடிச் செல்வதையே தம் அன்றாடக் கடமையாகக் கொண்டனர். அவர்கள் வளர்த்த நாய்கள் உலகப் புகழ் பெற்றன. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த 'பாரி' என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்தது என்பர். தாமே மலையேறியாக விளங்கிய திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், 1923-இல் புனித பெர்நார்தை மலைவாழ்நர்க்கும் மலையேறுவோர்க்கும் பாதுகாவலராக அறிவித்தார். பனியைத் தடுக்க அத்துறவியரால் இயலவில்லை. ஆயினும் பனியில் விழுந்தவரைத் தேடி எவரேனும் செல்ல வேண்டும் என்பதை அவர்கள் ஒரு மரபாக்கினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரபு அறிவியலாயிற்று. சுவிஸ் வனத்துறைத் தலைவர் யோஹான் கோவாஸ், தம் நாட்டில் பனிச்சரிவு இறங்கும் தடங்களையெல்லாம் ஆராய்ந்து 1881-இல் நூலாக வெளியிட்டார். 1936-இல் தாவோஸுக்கு மேலுள்ள வைஸ்ஃப்ளூயோக் முகட்டில் ஒரு சிறு குடிசையில் பனி ஆராய்ச்சி தொடங்கியது. அங்கு வளர்ந்த நிறுவனம் 1945 முதல் பொதுமக்களுக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடலாயிற்று. 1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளில் மாண்டனர். அதன்பின் சரிவுகளில் எஃகுத் தடுப்புகள் எழுந்தன. எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் வரைபடங்கள் வந்தன. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் பெரும்பனி பொழிந்தது. மக்கள்தொகையும் சுற்றுலாப் பயணியரும் பன்மடங்கு பெருகியிருந்தும், அந்நாட்டில் மாண்டோர் 17 பேரே. அதே மாதம் அண்டை நாடான ஆஸ்திரியாவின் கால்டூர் என்னும் ஊரில் 31 பேர் இறந்ததையும் மறக்கலாகாது. வரைபடம் பாதுகாப்பானது என்று காட்டிய வீடுகளுக்குள்ளும் பனி புகுந்தது. அறிவு வளர்ந்தாலும் மலைக்கு முன் பணிவு வேண்டும் என்பதை அது உணர்த்திற்று.

1993-இல் ஐரோப்பிய நாடுகள் ஆபத்தை ஐந்து படிகளாகப் பகுத்துப் பொது அளவுகோல் ஒன்றை ஏற்றுக்கொண்டன. குறைவு, மிதம், கணிசம், மிகுதி, மிக மிகுதி என்பன அப்படிகள். சாவுகளில் பெரும்பங்கு மூன்றாம் படியில் நேர்கிறது. நான்காம், ஐந்தாம் படிகளில் மக்கள் அஞ்சி வீட்டில் தங்கிவிடுகிறார்கள். மூன்றாம் படியில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று புறப்பட்டுவிடுகிறார்கள்.

அறிந்தும் நகர முடியாதவர்கள்

புறப்படுவதும் தங்குவதும் தன் விருப்பமாக உள்ளவனுக்கே எச்சரிக்கை முழுப் பயன் தரும். அந்த விருப்பம் இல்லாதவர்களின் வரலாறு வேறு.

முதல் உலகப் போரில் இத்தாலியரும் ஆஸ்திரியரும் ஆல்ப்ஸ் முடிகளில் எதிரெதிரே நின்றனர். மார்மோலாடா மலையில் ஆஸ்திரிய வீரர்களின் குடியிருப்பு ஒரு பனிச்சரிவின் அடியில் அமைந்திருந்தது. அதன் ஆபத்தை உணர்ந்த கேப்டன் ருடால்ஃப் ஷ்மிட், குடியிருப்பை இடம் மாற்ற அனுமதி கேட்டு மேலதிகாரிக்கு எழுதினார். அனுமதி கிடைக்கவில்லை. 1916 டிசம்பர் 13 அதிகாலையில் பனி இறங்கியது. 250-க்கும் மேற்பட்டோர் புதைந்து மாண்டனர். அங்கே அறிவு இல்லாமல் போகவில்லை. அறிந்தவனுக்கு அதிகாரம் இல்லாமல் போயிற்று.

1984 ஏப்ரல் 13 அன்று 'மேகதூதம்' என்னும் பெயரில் இந்தியப் படைகள் சியாச்சின் மேட்டை அடைந்தன. அன்று முதல் அங்கே காவல் நடக்கிறது. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்தபின் பீரங்கிகள் பெரும்பாலும் ஓய்ந்தன, பனி ஓயவில்லை. நான்கு பதிற்றாண்டுகளில் அங்கு குளிராலும் பனியாலும் உயரத்தாலும் இறந்தவர் தொகை, எதிரியின் குண்டால் இறந்தவர் தொகையை மிஞ்சியது. எல்லைக்கு அப்பாலும் இதே நிலை. 2012 ஏப்ரல் 7 அன்று கயாரி என்னும் இடத்தில் பாகிஸ்தான் பட்டாலியன் தலைமையகத்தின் மேல் பனி சரிந்து, 129 வீரர்களும் 11 பொதுமக்களும் புதையுண்டனர். எந்த நாட்டுக் கொடி என்று பனி பார்ப்பதில்லை.

பனியைப் பற்றிய அறிவு நம் நாட்டிலும் வளராமல் இல்லை. 1969-இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020-இல் அது மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டுப் புதுப்பெயரில் சண்டிகரிலிருந்து இயங்குகிறது. காஷ்மீர், லடாக், இமாசலம், உத்தராகண்ட் மலைகளுக்குப் பனிச்சரிவு முன்னறிவிப்புகளை அது வெளியிட்டு வருகிறது. ஆனால் காவல்நிலையில் நிற்கும் வீரன் அறிக்கையைப் படித்துவிட்டு மலையிறங்கிவிட முடியாது. 2005 பிப்ரவரியில் தென்காஷ்மீரின் வால்டெங்கு நார் என்னும் ஏழைச் சிற்றூர் பனியில் புதைந்து 150-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களுக்கு அந்தச் சரிவே வாழ்விடம். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணாவில், எல்லைச் சாலைப் பணியில் இருந்த தொழிலாளர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தம் கொட்டகைகளோடு மூடப்பட்டனர். பெரும்பாலோர் மீட்கப்பட்டனர், 8 பேர் இறந்தனர். அவர்களுக்கு அந்தச் சரிவே பிழைப்பு.

நம் மலைகளின் சரிவு

அவலாஞ்சியின் பெயரில் ஓர் உண்மை இருப்பதாகச் சொன்னோம். பனி சரிவதற்கும் மண் சரிவதற்கும் அடிப்படை ஏறக்குறைய ஒன்றே. ஒரு சரிவு, அதன்மேல் ஏறும் சுமை, அடியில் பிடிப்பை இழக்கும் அடுக்கு. அங்கே சுமை பனிப்பொழிவாக வருகிறது. இங்கே மழையாக வருகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கும் மேல் மழை பெய்தது. 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நமக்கு இன்னும் அண்மையில் நடந்ததும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, உள்நாட்டில் பெருமழையைக் கொட்டியது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றின் மேல் பாறையும் மண்ணும் சரிந்து, ஒரு வீட்டுக்குள் இருந்த 7 பேரை மூடின. அவர்களில் 5 பேர் சிறுவர். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட, திருக்கோவிலூரில் பெண்ணை கரை புரண்டது. கபிலர் உயிர் நீத்ததாகச் சொல்லப்படும் ஆற்றிடைப் பாறையைச் சுற்றி வெள்ளம் பாய்ந்தது. வெள்ளத்தைப் பற்றி நம் ஊர் நெடுநாள் பேசும், பேச வேண்டும். அந்த ஏழு பேர் ஏன் அந்தச் சரிவின் அடியில் உறங்கினார்கள் என்பதையும் அதோடு சேர்த்துப் பேச வேண்டும். மலையடியில் குடியேறுவோர் மலையின் அழகுக்காகக் குடியேறுவதில்லை. சமநிலத்தில் அவர்களுக்கு இடமில்லை.

2024 ஜூலையில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை, கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி ஆகிய மாவட்டங்களுக்கு முதலில் அறிக்கைகள் வெளிவரலாயின. ஆல்ப்ஸில் 1945-இல் தொடங்கிய பணி, எண்பது ஆண்டுகள் கழித்து, மண்ணுக்காக, நம் மலைக்கு வந்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் ஆல்ப்ஸின் வரலாறு நமக்கு இன்னொன்றையும் சொல்கிறது. அங்கே அறிக்கை மட்டும் உயிர்களைக் காக்கவில்லை. காட்டை வெட்டாதிருக்க ஊர் கூடி எடுத்த முடிவும், ஆபத்தான இடத்தில் வீடு கட்டாதிருக்கச் சட்டமும், அவ்விடத்தை விட்டு அகல்வோர்க்கு வேறிடமும், பனியில் விழுந்தவரைத் தேடிச் செல்லும் மனிதரும் சேர்ந்தே காத்தனர்.

சியாச்சினில் காவல் நிற்கும் வீரனைப் பற்றிப் பேசும்போது அவன் வீரத்தைப் போற்றுகிறோம். அது அவனுக்கு உரியதே. ஆனால் மார்மோலாடாவில் ஒரு கேப்டன் எழுதிய கடிதத்துக்குக் கிடைத்த மறுப்பை நினைவிற்கொள்ளும் நாடு, தன் வீரனை எந்தச் சரிவின் கீழ் நிறுத்துகிறோம், எவ்வளவு காலம் நிறுத்துகிறோம், அண்டை நாட்டுடன் பேசி அவனைக் கீழே இறக்க வழியுண்டா என்று கேட்கவும் கடமைப்பட்டது. அதே கேள்வியை நம் ஊராட்சிகளும் நகராட்சிகளும், கல்வராயன் அடிவாரத்திலும் திருவண்ணாமலையிலும் நீலகிரியிலும், அடுத்த பருவமழைக்கு முன் கேட்டுக்கொள்ளட்டும். எந்த வீடுகள் சரிவின் கீழ் இருக்கின்றன? அவற்றில் யார் வாழ்கிறார்கள்? மழை வரும் இரவில் அவர்கள் சென்று தங்க எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோவில் கதவு திறந்திருக்கும்?